பாலத்துக்கு முந்தின ஸ்டேஷன்

“கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

கேட்டவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். இதே கேள்வியை நாள் முழுக்க, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் தேன் தடவிக் கேட்கிறவள்தான்... அன்றைக்குத் தேன் இல்லை.

காலை எட்டேகால் மணி மழை. ரயில் நின்றதும் ஜனம் மொத்தமும் இறங்கி ஓடுகிற படிக்கட்டு. அதன் கடைசிப் படியில் நட்டுவைத்த கம்பம் மாதிரி ஒருத்தன் நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அவள் குடையை விரித்தாள். கம்பி அவன் காதில் பட்டது. அவன் துள்ளி விலகினான். அவள் தடுமாறினாள். விரலிடுக்கில் இருந்த மாதப் பாஸ் நழுவி, படிக்கட்டுக்குக் கீழே தேங்கியிருந்த தண்ணீரில் குப்புற விழுந்தது.

அவன் குனிந்து எடுத்தான். தன் சட்டையிலேயே ஒற்றித் துடைத்தான். அப்போதெல்லாம் பாஸில் பெயரைப் பேனா மையால்தான் எழுதிக் கொடுப்பார்கள். அவள் பெயர் கரைந்து, நீலமாக அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

பாஸ் வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. அழுவதற்குப் பதிலாகத் திட்டினாள். வழியில் நிற்கிறவர்களை, மழையை, நகல் பாஸுக்குத் தனிக் கட்டணம் என்று விதி போட்ட மகானுபாவனை... ஒருத்தரையும் விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அவன் மெதுவாகச் சொன்னான்.

“நம்பர் அழியலைங்க. நம்பர் தெரிஞ்சா கட்டணம் கேக்கக் கூடாது. ஜன்னல்ல காட்டுங்க, புதுசு எழுதிக் கொடுப்பாங்க.”

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? ரயில்வேயா நீங்க?”

“இல்ல... கணக்கு எழுதற வேலை.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தான். இமை முடிகளில் மழைத்துளி. அதற்குக் கீழே, ஏதோ தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி இரண்டு கண்கள். இடது கண் லேசாகச் சுருங்கியது. ‘கிட்டப்பார்வை, கண்ணாடி போடாமல் சமாளிக்கிறான்’ என்று அவளுடைய தொழில் புத்தி சொன்னது. ‘அழகான கண்’ என்று வேறொரு புத்தி சொன்னது. அந்த இரண்டாவது புத்தியை அவள் அதட்டி உட்காரவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து நடந்தாள். அவன் சொன்ன மாதிரியே காசு வாங்காமல் புதுசு எழுதிக் கொடுத்தார்கள். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

இன்றைக்குக் கையில் ஓர் அட்டை இருக்கிறது. கதவில் காட்டினால் திறக்கிறது. எவ்வளவு போயிற்று என்று ஒருத்தருக்கும் தெரிவதில்லை. அந்த நாளில் அப்படி இல்லை. வருஷம் பிறந்ததும் டிக்கெட் ஜன்னலுக்கு மேலே புதுக் கட்டணப் பட்டியலை ஒட்டுவார்கள். பசை காய்வதற்குள் கூட்டம் கூடிவிடும். கட்டணம் ஏறாத வருஷமே கிடையாது, காரணம்தான் மாறும். ஒரு வருஷம் எரிபொருள், ஒரு வருஷம் பராமரிப்பு, இன்னொரு வருஷம் புதுப் பெட்டிகள். அந்தப் புதுப் பெட்டிகளை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு ரயில்வே மேல் தனிப் பகை ஒன்றும் கிடையாது... உள்ளதைச் சொல்கிறேன்.

அந்தப் பட்டியலில் ஒரு கூத்து உண்டு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் ஒரு கட்டணம். பாலத்தைத் தாண்டிக் கடைசி ஸ்டேஷனில் போய் இறங்கினால், ஒரே தாவலில் இன்னொரு கட்டணம். நடுவில் இருப்பது ஒரு பாலம். நடந்தால் இருபத்தைந்து நிமிஷம். ஜனங்கள் என்ன முட்டாள்களா? பாலத்துக்கு முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கி நடந்தார்கள். கட்டணம் ஏற ஏற நடக்கிற கூட்டமும் ஏறியது. ரயிலிலேயே ஆற்றைக் கடக்கிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து, ‘பாலத்துக்காரங்க’ என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்தவர்களில் பாதிப் பேர் அடுத்த வருஷம் அதே கூட்டத்தில் நடந்தார்கள்.

அவள் மூன்று வருஷமாகப் பாலத்துக்காரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கண்ணாடிக் கடையில் கண் அளவு எடுப்பாள், லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவாள். தூசியளவு பிசகினாலும் போடுகிறவர்களுக்குத் தலை சுற்றும். மூன்று வருஷத்தில் அவள் கையில் ஒரு பிசகு வந்ததில்லை. அந்த வேலை அவளுக்கு உயிர். அவளுடைய அப்பாவுக்கு அது ‘ரயில்காரனுக்குச் சம்பாதிச்சுக் கொடுக்கிற வேலை’. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்று ஒவ்வொரு கட்டண உயர்வுக்கும் சொல்வார். கெட்ட மனுஷர் இல்லை... மகள் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவதைப் பார்க்கச் சகிக்கவில்லை அவருக்கு. வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, சிநேகிதருடைய மருந்துக் கடையில் அவளுக்காக ஒரு நாற்காலியைச் சொல்லியே வைத்திருந்தார். கடைசியில் அப்பாவுக்கும் மகளுக்கும் ஓர் ஒப்பந்தம். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டிக்கெட்டுக்குப் போகிற அன்றைக்கு, மறுபேச்சில்லாமல் கண்ணாடிக் கடையை விட்டுவிட வேண்டும். அவள் சரி என்றாள். பாலத்தை நடந்து கடக்கிறவரைக்கும் அந்தக் கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழேயே இருந்தாள்.

சரி, அவன் யார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளுக்குத்தான் தெரியாது, நமக்கென்ன?

ரயில்வேயின் கட்டணப் பிரிவில் குமாஸ்தா அவன். வருஷா வருஷம் ஜன்னலுக்கு மேலே ஒட்டுகிற பட்டியலை உட்கார்ந்து எழுதுகிற கை அவனுடையது. ஊரே சபிக்கிற கை. பாலத்துக்கு முந்தின ஸ்டேஷனில் தினம் எத்தனை பேர் இறங்குகிறார்கள், அதில் எத்தனை பேர் பாலத்தைக் கடக்கிறார்கள் என்று ஒரு மாதம் எண்ணிக்கொண்டு வரச் சொல்லி மேலதிகாரி அனுப்பியிருந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓர் எண்ணும் கருவியும் கொடுத்திருந்தார். பொத்தானை அமுக்கினால் டிக்கென்று ஓர் எண் கூடும். அதைச் சட்டைப்பைக்குள் வைத்து அமுக்கிக்கொண்டுதான் படியில் நின்றான். அவனுக்கு இலவசப் பாஸ் உண்டு. ஆபீஸ் இருக்கிற கடைசி ஸ்டேஷன் வரைக்கும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு போகலாம்.

மறுநாளும் அவன் அதே படியில் நின்றான். இந்தத் தடவை ஓரமாக. கூட்டம் பாலத்தில் ஏறியபோது பின்னாலேயே வந்தான். அவள் திரும்பிப் பார்த்து, ‘காது எப்படி இருக்கு’ என்று கேட்டாள். இருக்கிறது என்றான். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு அவ்வளவுதான்.

பிறகு தினமும். கூட்டத்தில் ஒரு தையல்காரர் இருந்தார், தலை நரைத்தவர், வாய் நரைக்காதவர். பைக்குள்ளிருந்து வரும் சத்தத்தைக் கேட்டு அவனுக்கு ‘டிக்டிக்’ என்று பேர் வைத்தது அவர்தான். அது என்ன என்று அவள் கேட்டபோது, காலடிகளை எண்ணி நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னான்.

“காலடியா? நீங்க நாலு அடி வச்சாத்தானே ஒரு டிக் வருது... நான் மில்லிமீட்டர்ல பொழைக்கிறவ. என்கிட்டயேவா?”

அவன் காது சிவந்தது. குடைக்கம்பி பட்ட காது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததில் கேள்வி மறந்துபோயிற்று.

பாலத்து நடை என்றால் எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு பக்கம் வண்டிகள், இன்னொரு பக்கம் இரும்புக் கைப்பிடி, நடுவில் மூன்று பேர் சேர்ந்து நடக்கிற அளவுக்கு நடைபாதை. காற்று அடித்தால் குடை மடங்கும். மழைநாளில் ஆறும் வானமும் ஒரே நிறத்தில் இருக்கும். அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் நானூறு பேர் குடும்பக் கதை, ஆபீஸ் கதை எல்லாம் பேசித் தீர்ப்பார்கள். தீராத பேச்சு ஒன்றே ஒன்றுதான்: கட்டணம். பட்டியல் போடுகிறவன் கையில் கிடைத்தால் அவன் கால்சட்டைப் பைகளை எல்லாம் சேர்த்துத் தைத்துவிடுவேன் என்பார் தையல்காரர். அவனை அடிக்க வேண்டாம், தினம் ஒரு தடவை இந்தப் பாலத்தில் நடக்க விட்டால் போதும் என்பாள் அவள். திருடனுக்குத் தேள் கொட்டினது போல அவன் நடுவில் நடப்பான். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

ஒரு மாதம் முடிந்தது. அவன் எண்ணிக்கையை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டான். கருவியையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. இரண்டாவது மாதமும் நடந்தான். மூன்றாவது மாதமும் நடந்தான். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை, இருந்தும் எட்டேகாலுக்கு அந்தப் படிக்கு வந்து நின்றான். டிக்டிக் சத்தம் எங்கே போயிற்று என்று தையல்காரர் கேட்டதற்கு, டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டார் என்றான். டாக்டர் கெட்டிக்காரர் என்று அவர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் ஆற்றைப் பார்த்தாள்.

நடுவில் ஒரு நாள் அவள்தான் சொன்னாள், இடது கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை, கடைக்கு வந்து அளவு கொடுக்கட்டும் என்று. அவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனான்.

இருட்டறை. எதிர்ச் சுவரில் ஒளிர்கிற எழுத்துகள். அவன் மூக்கில் கனமான சோதனைச் சட்டம். அவள் வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டு, இதுவா... இதுவா என்று கேட்டாள். எல்லாமே நன்றாக இருக்கிறது என்றான் அந்த மடையன். எழுத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அதட்டினாள். அப்புறம் வெளிச்சத்துக்கு அழைத்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு கருவிழிகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று சின்ன அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அவன் அசையாமல் அவள் கண்ணையே பார்க்க வேண்டும். ஆயிரம் பேருக்குச் செய்த வேலை. ஆயிரம் பேரும் அவள் கண்ணைப் பார்த்தவர்கள்தான்... ஒருத்தரும் இப்படிப் பார்க்கவில்லை. மழைக்கால ஆறு மாதிரி கலங்கின பழுப்புக் கண். அதற்குள்ளே குட்டியாக அவளே தெரிந்தாள். அளவுகோல் நடுங்கியது. ‘ஐம்பத்தெட்டு’ என்று எழுதினாள்.

அறுபத்து மூன்று.

ஐந்து மில்லிமீட்டர் பிசகு. அவளுக்கு அப்போது தெரியாது. புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் பாலத்தில் நடந்தான். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, உலகமே புதுசாக இருக்கிறது என்றான். மூன்று வாரம் கழித்து நடைபாதையின் ஒற்றைப் படி ஒன்றில் கால் தவறித் தையல்காரர் மேல் சாய்ந்தபோதுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. அன்று மதியமே கடைக்கு வரச்சொல்லி மறுபடி அளந்தாள். முதல் அளவை எழுதின அட்டையில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது.

“மூணு வாரமா தலை வலிச்சிருக்குமே... ஏன் சொல்லலை?”

“வலிச்சுது. சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு...”

“கஷ்டப்படறது என் தலைவலி. அதை நீங்க ஏன் எடுத்துக்கறீங்க? இன்னும் என்னெல்லாம் சொல்லாம வச்சிருக்கீங்க?”

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நாளைக்குப் பாலத்தில் யார் பக்கத்தில் நடப்பது என்று நினைத்தான், மென்று விழுங்கிவிட்டான். வேறு ஒன்றும் இல்லை என்றான். ஆண்பிள்ளைகள் வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொள்வதும், மூட வேண்டிய நேரத்தில் திறப்பதும் இன்று நேற்று வந்த வழக்கமா?

அடுத்த திங்கட்கிழமை படிக்கட்டில் கூட்டம் நகரவே இல்லை. சுவரில் அறிவிப்பு. வருகிற வருஷத்திலிருந்து, வழக்கமான கட்டண உயர்வு போக, எல்லைக்கோடும் ஒரு ஸ்டேஷன் முன்னால் நகர்கிறது. பாலத்துக்கு முந்தின ஸ்டேஷனும் இனி அதிகக் கட்டணத்தில் சேரும். காரணத்தையும் போட்டிருந்தார்கள்: நேரில் நின்று ஒரு மாதம் எடுத்த கணக்கின்படி, தினமும் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இங்கே இறங்கிப் பாலத்தை நடந்து கடக்கிறார்கள்.

நேரில் நின்று. ஒரு மாதம்.

அவள் திரும்பினாள். அவன் ஓரத்தில் நின்றிருந்தான், புதுசாகச் சரிசெய்த கண்ணாடிக்குப் பின்னால் அதே கண்கள். முதல் நாள் பார்த்த, மாட்டிக்கொண்ட கண்கள். அன்றைக்கே அவை சொல்லின, அவளுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

பாலத்தின் நடுவில் நிறுத்திக் கேட்டாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். கட்டணப் பிரிவு, கருவி, டாக்டர் பொய்... எல்லாம். எல்லையை நகர்த்தப்போகிறார்கள் என்று தனக்குத் தெரியாது, எண்ணச் சொன்னார்கள் எண்ணினேன் என்றான். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டாள். அவன், ஏதோ பெரிய காணிக்கையைக் கொண்டுவந்து வைப்பது போல ஒன்றைச் சொன்னான்.

“நானூத்துப் பதிமூணு பேருங்க. உங்களை மட்டும் நான் எண்ணலை. நீங்க இறங்கி வரும்போது விரல் அசையலை... ஒரு நாளும் அசையலை.”

வேறொரு நாளாக இருந்தால் இந்த வார்த்தைக்கு அவள் உருகியிருப்பாள். உள்ளே எங்கேயோ உருகவும் செய்தாள். அதனாலேயே கோபம் இரண்டு மடங்கானது.

“என் ஒருத்தியை விட்டுட்டா, மத்த நானூறு பேருக்கும் நியாயமாயிடுமா? இனிமே என்கூட நடக்காதீங்க.”

அவன் நடக்கவில்லை. ஆனால் வருஷத்தின் கடைசி நாள் காலையில் வந்தான். எல்லோரும் இறங்கியதும் அதே கடைசிப் படியில் ஏறி நின்று, எண்ணினது நான்தான் என்று சொன்னான். அப்புறம் பேசினார்கள் பாருங்கள்... காது கொடுத்துக் கேட்க முடியாது. தையல்காரர் மட்டும் திட்டவில்லை. உன் பையைத் தைக்கிறேன் என்று மூன்று மாதமாய் உன் பக்கத்தில் நடந்தே சொல்லிக்கொண்டு வந்தேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா தம்பி என்று கேட்டுவிட்டு நடந்தார். அவனுக்கு அதுதான் அடி. அவள் கூட்டத்தின் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு பாலம் ஏறினாள்.

புது வருஷம். புதுப் பட்டியல். அப்பா காகிதமும் பென்சிலும் எடுத்தார், கூட்டினார், மூன்றால் வகுத்தார். பாலத்துக்கு முந்தின ஸ்டேஷன் வரைக்கும் பாஸ் எடுத்தால் கோடு தாண்டுகிறது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, போதும்மா என்றார், பாவமாக. அவள் பென்சிலை எடுத்தாள். அதற்கும் முந்தின ஸ்டேஷன் வரைக்கும் எடுத்தால் தாண்டவில்லை. கிடங்குகளும் சுவர்களுமாக இருக்கிற ஸ்டேஷன் அது. அங்கிருந்து கடை ஐம்பது நிமிஷ நடை. கால் தேய்ந்துவிடும் என்றார் அப்பா. தேயட்டும் என்றாள்.

தான் மட்டும்தான் அங்கே இறங்குவோம் என்று நினைத்திருந்தாள். ரயில் நின்றது, திரும்பிப் பார்த்தால், தெரிந்த குடைகள், தெரிந்த முகங்கள். பாலத்துக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அங்கேயே இறங்கினார்கள். ரயில்வே கோட்டை நகர்த்தியது, ஜனம் தானும் நகர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

ஆனால் ஐம்பது நிமிஷம் ஐம்பது நிமிஷம்தான். ரயில் எட்டு ஏழுக்கு வரும். கடையில் எட்டே முக்காலுக்கு இருக்க வேண்டும். ஓடினாலும் பத்து நிமிஷம் தாமதம். அதற்கு முந்தின வண்டி எதுவும் அந்த ஸ்டேஷனில் நிற்காது. முதல் வாரம் கடை முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டாவது வாரம் அவளைப் பார்த்தாள். மூன்றாவது வாரம், இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன், அப்புறம் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், தப்பாக நினைக்காதே என்று தன்மையாகவே சொன்னாள். தன்மையாகச் சொன்னால் வலி குறைந்துவிடுமா? ஐந்து நாள் பாக்கி இருந்தது. மருந்துக் கடை நாற்காலி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

அந்த ஐம்பது நிமிஷத்தில் அவளுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது, யாரிடமும் சொல்ல முடியாத கஷ்டம். இடது பக்கம் காலியாக இருந்தது. ஏதாவது வேடிக்கையாகக் கண்ணில் பட்டால் சட்டென்று அந்தப் பக்கம் திரும்புவாள், சுவர்தான் இருக்கும். ‘ஏமாத்தினவன்தானே...’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ‘தலைவலியோட மூணு வாரம் சிரிச்சவனும் அவன்தானே...’ என்று அதுவே திருப்பிக் கேட்கும். பாழாய்ப்போன மனசுக்கு வாய் நீளம்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால், மழை. ரயிலிலிருந்து இறங்கினால், படிக்கட்டின் கீழே அவன். நடு வழியில் இல்லை, ஓரமாக. குடை இல்லை. கண்ணாடி முழுக்கத் தண்ணீர். முழங்கால் வரைக்கும் மரத்தூளும் சேறும். கூட்டம் அவனைப் பார்த்து நின்றது. அவன் யார் முகத்தையும் பார்க்காமல், இந்தப் பக்கம் ஒரு வழி இருக்கிறது, முப்பத்தைந்து நிமிஷம்தான் ஆகும் என்றான்.

மறுபடி எண்ண வந்திருக்கிறாயா என்று யாரோ கேட்டார்கள். அந்தப் பிரிவில் இப்போது இல்லை என்றான். தானே கேட்டு மாற்றிக்கொண்டானாம். தொலைந்த சாமான்களை வைக்கிற கிடங்கில் உட்கார்ந்து, பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்குச் சீட்டுக் கட்டுகிற வேலை. பதவி உயர்வு போயிற்று. அதை அவன் சொல்லவில்லை, பிற்பாடு தையல்காரர் விசாரித்துச் சொன்னது.

மூன்று வாரமாக வேலைக்கு முன்னாலும் பின்னாலும் அந்த ஸ்டேஷனைச் சுற்றியிருந்த சந்து பொந்தெல்லாம் நடந்து பார்த்திருக்கிறான். கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு மரவாடி. அதன் வழியாகப் போனால் கால்வாய் மேல் ஒரு பலகைப் பாலம், அதைத் தாண்டினால் நேரே ஆற்றுப் பாலத்தின் அடிவாரம். மரவாடிக்காரர் முதலில் துரத்தியிருக்கிறார். ஆறு தடவை போய் நின்றிருக்கிறான். ஏழாவது தடவை, எவனும் உள்ளே புகை பிடிக்கக் கூடாது, காலையும் சாயங்காலமும் மட்டும்தான் என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

தையல்காரர்தான் முதலில் நகர்ந்தார். வா, காட்டு என்றார். பின்னாலேயே கூட்டம் போனது. ஈர மரவாசனை, அடுக்கடுக்காய்ப் பலகைகள், மழை தகரக் கூரையில் கொட்டுகிற சத்தம். அவள் கூட்டத்தோடு நடந்தாள், அப்புறம் கொஞ்சம் வேகமாக, அப்புறம் இன்னும் கொஞ்சம். கால்வாய்ப் பலகையில் ஏறும்போது அவன் பக்கத்தில் இருந்தாள். இடது பக்கம் நிறைந்திருந்தது. குடையை அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள், இந்தத் தடவை கம்பி படாமல்.

கடை வாசலுக்கு வந்தபோது மணி எட்டு நாற்பத்திரண்டு. முதலாளியம்மா உள்ளேயிருந்து கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வேலை தப்பித்தது.

அவன் நனைந்த சட்டையைப் பார்த்துக்கொண்டே, பதினைந்து நிமிஷம் மிச்சம் என்றான். சொல்லும்போது கொஞ்சம் பெருமை. கிளம்புவதற்குத் திரும்பினான்.

“நில்லுங்க. என் கோபம் இன்னும் போகலை.”

“தெரியும்ங்க.”

“தெரியாது. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மூணு வருஷத்துல நான் ஒரே ஒரு அளவுதான் தப்பா எடுத்திருக்கேன். கை ஏன் நடுங்குச்சுன்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா?”

அவன் யோசித்தான். மெதுவாக, மிக மெதுவாக, அந்தக் கண்களில் விஷயம் போய்ச் சேர்ந்தது. காதில் ஆரம்பித்து முகம் முழுக்கச் சிவந்தது. அவளுக்கும் என்ன, சிவக்காமலா இருக்கும்? ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை. அளவெடுக்கிறவள் நேராகப் பார்க்கிற பார்வையாகவே அவனைப் பார்த்தாள்.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அன்னைக்கும் பிடிச்சுது, திட்டின அன்னைக்கும் பிடிச்சுது. அதான் அவ்வளவு திட்டினேன்.”

மழைச் சத்தத்தில் சரியாகத்தான் கேட்டதா என்று அவனுக்குச் சந்தேகம். என்ன சொன்னீங்க என்று கேட்க வாயெடுத்தான். அவள் விடவில்லை.

“காலையில நீங்க கண்டுபிடிச்ச வழி. வேலை முக்கியம். சாயங்காலம் எனக்கு யாரும் நேரம் குறிக்கறதில்ல... சாயங்காலம் சுத்து வழியாவே போகலாம். அந்தப் பதினஞ்சு நிமிஷத்தை மிச்சம் பண்ணச் சொல்லி நான் கேக்கலை. எனக்கு அது வேணும்.”